ஆறு இல்லாத தீவில் ஆறு மாதக் குளங்கள்!

மால்டா என்று கூகுளில் தட்டினால் என்ன வரும்? நீலக் கடல், பழைய கோட்டை, படகில் போஸ் கொடுக்கும் ஜோடிகள். எல்லாமே அழகுதான். ஆனால், இந்த வாரம் நாம் பார்க்கப்போவது கடலை இல்லை. கடலுக்கு முதுகைக் காட்டி, கீழே குனிந்து பார்க்க வேண்டிய சில குட்டிக் குளங்களை!

இத்தாலியின் சிசிலிக்குத் தெற்கே மத்திய தரைக்கடலில் இருக்கிறது மால்டா. மால்டா, கோசோ, கொமினோ என எல்லாத் தீவுகளையும் சேர்த்தாலும் மொத்தம் 316 சதுர கிலோமீட்டர்தான். மக்கள் தொகையோ ஐந்து லட்சத்துக்கும் மேல். வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட அங்கே இல்லை, இயற்கையான ஏரியும் இல்லை. வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில் பாதிக்கும் மேல் கடல்நீரைச் சுத்திகரித்து எடுப்பதுதான். அப்படிப்பட்ட ஊரில், வானம் கொடுக்கும் தண்ணீர் தானாகத் தேங்கி நிற்கும் இடம் என்றால் சும்மாவா?

பாறைக்குள் ஒரு குளம்

மால்டா முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் காற்றிலிருக்கும் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலத்தன்மையோடு விழுகிறது. அது பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, நூற்றாண்டுக் கணக்கில் பள்ளம் பறிக்கிறது. அடியில் மெல்லிய மண் படிகிறது. அக்டோபர் வாக்கில் மழை தொடங்கியதும் பள்ளங்கள் நிரம்பும். நம் மலைகளில் சுனை பார்த்திருப்பீர்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. சில குட்டைகள் ஒரு தாம்பாளம் அளவு, சில ஓர் அறை அளவு. ஆழம் பெரும்பாலும் முழங்காலைத் தாண்டாது.

மார்ச், ஏப்ரலில் வெயில் ஏறத் தொடங்கும்போது இந்தக் குட்டைகளுக்குத் திருவிழா. தண்ணீருக்கு மேலே வெள்ளை வெள்ளையாகப் பூக்கள் மிதக்கும். கோடையில் வெறும் காய்ந்த சேறுதான் மிச்சம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே மழை என்பதே அபூர்வம்.

அவசரக் குடித்தனம்

இந்தச் சில மாதத் தண்ணீரை நம்பி ஒரு கூட்டமே வாழ்கிறது. மால்டாவின் மண்ணுக்குச் சொந்தமான ஒரே தவளை இனம், உடம்பில் வண்ணத் திட்டுகள் கொண்டது. அதன் தலைப்பிரட்டைகள் குட்டை வற்றுவதற்குள் கால் முளைத்து வெளியேறியாக வேண்டும். கண்ணாடி போன்ற உடம்போடு மல்லாந்தபடியே நீந்தும் ‘ஃபெய்ரி ஷ்ரிம்ப்’ என்ற குட்டி இறால் இனமும் உண்டு.

இன்னொரு விருந்தாளி, ட்ரையாப்ஸ். முதுகில் கேடயம், நெற்றியில் மூன்றாவது கண்! இதே உருவம் டைனோசர் காலத்துப் புதைபடிவங்களிலும் கிடைத்திருக்கிறது.

தண்ணீர் வற்றினால் இவை செத்துவிடும். ஆனால், முட்டைகள் சாகாது. காய்ந்த சேற்றுக்குள் வருடக் கணக்கில்கூடத் தூங்கும். மழை வந்ததும் எல்லா முட்டைகளும் ஒரேயடியாகப் பொரியாது என்பதுதான் இதில் கெட்டிக்காரத்தனம். முதல் மழை ஏமாற்றினாலும், அடுத்த மழைக்கு என்று கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

காய்ந்த பிறகுதான் கண்டம்

தண்ணீர் இருக்கும்போது குட்டையைப் பார்த்து ஒதுங்கிப் போவோம். கோடையில்? வெறும் மண் பள்ளம்தானே என்று வண்டியை ஏற்றுவோம், கூடாரம் அடிப்போம், குப்பை கொட்டுவோம். ஒரு டயர் ஏறினால் அடுத்த வருடத்து உயிர்கள் மொத்தமும் நசுங்கிவிடலாம். இடப் பற்றாக்குறை உள்ள தீவில் ஒரு பள்ளத்தை மூடுவதற்கு ஒரு லோடு மண் போதும்.

கோசோவின் த்வேய்ரா கடற்கரையில் ‘அஷூர் விண்டோ’ என்று பிரமாண்டமான கல் வளைவு இருந்தது. 2017 மார்ச் 8-ம் தேதி புயலில் அது இடிந்து விழுந்தபோது உலகமே செய்தி போட்டது. ஒரு தாம்பாளக் குட்டை மறைந்தால் யார் செய்தி போடுவார்கள்? இப்படிப்பட்ட தற்காலிகக் குட்டைகளை முன்னுரிமை கொடுத்துக் காக்க வேண்டிய வாழிடங்களின் பட்டியலில் ஐரோப்பிய ஒன்றியம் 1992-லேயே சேர்த்துவிட்டது. ஆனால், சட்டம் பட்டியலில் இருந்தால் போதாது, நடந்துபோகிறவரின் காலுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

போகிறவர்களுக்குச் சில டிப்ஸ்

* பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை நல்ல நேரம். மழை குறைந்த வருடமென்றால் குட்டைகள் சீக்கிரமே வற்றிவிடும்.

* இந்தியர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. ஆங்கிலமும் அங்கே ஆட்சிமொழி என்பதால் பேச்சுக்குக் கவலையில்லை. சாலையில் நம்மைப் போலவே இடதுபக்கப் போக்குவரத்து.

* மால்டாவின் சிர்கேவா துறையிலிருந்து கோசோவுக்கு ஃபெர்ரியில் சுமார் 25 நிமிடம்தான்.

* பாறை கரடுமுரடாக இருக்கும். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். நடைபாதையை விட்டு இறங்காதீர்கள்.

* குட்டைக்குள் காலை நனைக்க ஆசை வரும். வேண்டாமே! சன்ஸ்கிரீன் பூசிய கையையும் விட வேண்டாம். குளிக்கத்தான் கடல் இருக்கிறதே.

* பெரிய நீர்ப்பரப்பு பார்க்க வேண்டுமா? ரபாத் ஊருக்குப் பக்கத்தில் ‘சாட்விக் லேக்ஸ்’ இருக்கிறது. பெயர்தான் ஏரி. உண்மையில், 19-ம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்பர்ட் சாட்விக் என்ற பிரிட்டிஷ் பொறியாளரின் திட்டப்படி பள்ளத்தாக்கின் குறுக்கே கட்டிய தடுப்பணைகள். மழைக்காலம் முடிந்த கையோடு போனால் தண்ணீரைப் பார்க்கலாம்.

குழந்தைகளைக் கூட்டிப்போனால் ஒரு வேலை செய்யுங்கள். குட்டை ஓரத்தில், தண்ணீரில் நிழல் விழாதபடி குத்தவைத்து உட்காரச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் யாரும் பேசக் கூடாது, அசையக் கூடாது. முதலில் வெறும் தண்ணீர்தான் தெரியும். அப்புறம் ஏதோ ஒன்று அசையும். அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு குளம் முழுக்க!

அதைப் பார்த்த பிள்ளை, கோடையில் காய்ந்த பள்ளம் ஒன்றைக் கண்டாலும் கொஞ்சம் சுற்றித்தான் நடக்கும்.