துருப்பிடித்த பாராங்கைத் தூக்கி எறியாதீர்கள்

ஜார்ஜ்டவுன் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் துருவேறிய பாராங் கத்தி கண்ணில் பட்டால், பலரும் முகம் சுளித்து நகர்ந்துவிடுகிறார்கள். பினாங்கின் உப்புக்காற்றில் கார்பன் எஃகு துருப்பிடிப்பது இயல்பு. அதற்காக அது குப்பையாகிவிடாது.

வேலை எளியது. பிடியைத் தவிர்த்து, அலகை மட்டும் சாதாரண வினிகரில் ஓர் இரவு ஊறவைத்தால், அதிலுள்ள அசிட்டிக் அமிலம் துருவைக் கரைக்கும். காலையில் கறுப்புச் சேறுபோல் வழிவதை இரும்பு நாரால் தேய்த்து, சமையல் சோடா கலந்த நீரில் கழுவி, உடனே துடைக்க வேண்டும். ஈரம் விட்டால் சில நிமிடங்களிலேயே செம்மை படரும்.

கெடுப்பது அவசரம்தான். கிரைண்டரில் வைத்துத் தீப்பொறி பறக்கவிட்டால் விளிம்பு நீலம் பாயும். கொல்லர் ஏற்றிய பதம் அதோடு போயிற்று. அரம் போதும், பிறகு சாணைக்கல். கண்ணாடிபோல் பளபளக்க வேண்டும் என்ற ஆசை வீண். தேங்காய் வெட்டப் பளபளப்பு எதற்கு? கடைசியாக மினரல் எண்ணெய் பூசலாம். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுக்கும்.

ஒன்று மட்டும்: தக்க காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் ஏந்துவது மலேசியாவின் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வாங்கிய கத்தியைச் சுற்றிக் கட்டி, நேரே வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.