புன்னைக்காயலுக்கு வாக்கிங் மட்டும் போதுமா?

'தினமும் நடங்க' என்பதுதான் எல்லா டாக்டர்களும் சொல்வது. 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' எனத் தமிழக அரசு மாவட்டம்தோறும் 8 கி.மீ. நடைபாதையே அமைத்தது. நல்ல விஷயம்தான். ஆனால், அது நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற நமக்கான அட்வைஸ்.

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் வலை இழுப்பவருக்கு உடலுழைப்புக்குப் பஞ்சமில்லை. அங்கே கவனிக்க வேண்டியது உப்பு. நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்கணும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடு அடிக்கடி தட்டுக்கு வந்தால் அதை எளிதில் தாண்டிடும். பிபி ஏறுவதோ பெரும்பாலும் வெளியே தெரியாது.

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே வந்து பிபி, சுகர் பார்க்கிறது. ஆனால், கதவைத் தட்டும் நேரத்தில் ஆள் கடலில் இருந்தால்? ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலிலேயே பிபி மெஷினை வைக்கலாமே! பழக்கத்தை மாத்தச் சொல்றதுக்கு முன்னாடி, பரிசோதனை நேரத்தை மாத்துவோம்.