பழைய காருக்கு எதை மாற்றலாம், எதை விடலாம்?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களிடம் இரண்டு கட்சி உண்டு. ஒரு திருகாணியைக்கூட மாற்றக்கூடாது என்பது ஒன்று. வெளித்தோற்றம் இருந்தால் போதும், உள்ளே ஜப்பான் இயந்திரத்தை இறக்கிவிடலாம் என்பது மற்றொன்று. தைப்பிங்கில் எங்கள் வீட்டருகே உள்ள பட்டறைக்கு ஓர் எம்ஜிபி கார் வந்து போகும். அதைப் பார்த்துப் பழகிய எனக்கு இரண்டு கட்சியுமே சரியாகப் படவில்லை.

எம்ஜிபி, இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை தயாரானது. 1,798 சிசி இயந்திரம், இரண்டு எஸ்யூ கார்பரேட்டர்கள். அந்தத் தொழிற்சாலையே காரை மாற்றிக்கொண்டுதான் இருந்தது. 1967-இல் டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் வந்தது. 1970-களின் பிற்பகுதியில் ரேடியேட்டருக்கு மின்விசிறி வந்தது. அப்படியானால் எந்த ஆண்டின் காரை ‘அசல்’ என்பது?

நம் ஊர் மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும். டிஸ்டிரிபியூட்டருக்குள் இருக்கும் காண்டாக்ட் பாயிண்ட் தேயும், அதன் இடைவெளி மாறும், ஈரம் பட்டால் அடம்பிடிக்கும். அதே டிஸ்டிரிபியூட்டருக்குள் அடங்கிவிடும் மின்னணுப் பற்றவைப்புக் கருவி கிடைக்கிறது. கழற்றிய பழைய பாகங்களை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தால், விரும்பும்போது திரும்பப் பொருத்தலாம். மின்விசிறியும் அப்படித்தான். திரும்பப் பெற முடிகிற மாற்றத்துக்கு நான் தயங்கமாட்டேன்.

பிரேக் விஷயத்தில் விவாதமே வேண்டாம். தொடக்கக்கால எம்ஜிபியில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று. ஓரிடத்தில் கசிந்தாலும் மிதி தரைவரை இறங்கிவிடும். அதை இரட்டைச் சுற்றாக மாற்றுவதும், இருக்கை வார் பொருத்துவதும் காரின் அழகை எந்த வகையிலும் கெடுக்காது.

இயந்திரத்தை மாற்றுவது வேறு கதை. ஜேபிஜே அனுமதி, புஸ்பாகோம் பரிசோதனை எல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். புதிய இயந்திரத்தை உட்கார வைக்கத் தகட்டை வெட்டுவார்கள். வெட்டியதை ஒட்டலாம், ஆனால் பழையபடி ஆகாது. காரின் எடை, வளைவில் அது திரும்பும் விதம் எல்லாமே மாறும். இருந்தும், காரின் சொந்தக்காரருடைய மகன் அதைத்தான் கேட்கிறார். உதிரிபாகங்களுக்கு ஆகும் செலவைப் பார்த்தால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்தக் கணக்கில் பட்டறை மாமா வரவில்லை. தோட்டத்து லோரிகளில் தொழில் பழகியவர் அவர். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைக் கார்பரேட்டரின் வாயருகே பிடிப்பார். இரண்டிலும் காற்று இழுக்கும் சத்தம் ஒன்றாகும் வரை திருகுவார். இயந்திரம் போனால் இந்தக் காதுக்கும் வேலை போய்விடும். கணினிக் கருவியைச் செருகிக் கோளாறு பார்க்கத் தெரிந்த தொழிற்கல்லூரி மாணவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தக் குழாயைப் பிடிக்க இதுவரை ஒருவரும் வரவில்லை. சனிக்கிழமைகளில் பட்டறை மதியம்வரை திறந்திருக்கும். கூட நின்று பார்க்க மாமா யாரிடமும் காசு கேட்பதில்லை.