யோகியின் இலையும் தொழிலாளியின் தூக்குச்சட்டியும்

யோகாசனத்துக்கு நாம் விரோதிகள் அல்ல. எட்டு மணி நேரம் ஸ்பின்னிங்கில் நடந்து கால் கடுத்துப்போன தொழிலாளிக்கும், நாள் முழுக்கக் குனிந்து நாற்று நட்ட பெண்ணுக்கும் முதுகை நிமிர்த்த ஒரு வழி கிடைத்தால் நல்லதுதான். 2014 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபை தீர்மானம் போட்டது. 2015 முதல் ஜூன் 21-ந் தேதி சர்வதேச யோகா தினமாக நடந்துவருகிறது. ஆலை முற்றத்திலும் பள்ளிக்கூட மைதானத்திலும் ஜமக்காளம் விரிகிறது. விரியட்டும். ஆசனம் முடிந்ததும் தொடங்குகிற சாப்பாட்டு உபதேசத்தைப் பற்றித்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

பழையது ஆகாது, அது தாமசம். மீன், கருவாடு, பூண்டு, வெங்காயம் கூடாது. பாலும் நெய்யும் பழமும் சாத்வீகம். முப்பது வயதுக்கு மேல் இரண்டு வேளை போதும். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிட வேண்டும். இப்படிப் போகிறது அந்த உபதேசம். அரை நைட்டு முடிந்து நள்ளிரவில் வீடு சேருகிற தோழர் எந்தப் பொழுது சாய்வதற்குள் சாப்பிடுவது?

இந்த விதிகள் எங்கிருந்து வந்தன? பகவத் கீதையின் 17-வது அத்தியாயம் உணவைச் சாத்வீகம், ராஜசம், தாமசம் என்று மூன்றாகப் பிரித்து, இரவு தங்கிய சோற்றைத் தாமசத்தில் சேர்க்கிறது. 15-ம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஹடயோகப் பிரதீபிகையில் ஸ்வாத்மாராமர் ஒரு பட்டியலே தருகிறார். கோதுமை, அரிசி, பால், நெய், வெண்ணெய், தேன், பச்சைப்பயறு ஆகும். மீனும் இறைச்சியும் பூண்டும் மட்டுமல்ல. தயிர், மோர், கொள்ளு, எள், கடுகு, பெருங்காயம்கூட ஆகாது. திரும்பச் சுடவைத்த சோறும் ஆகாது. மதுவும் பிண்ணாக்கும் ஆகாது. இந்தக் கடைசி இரண்டில் நமக்கும் அவருக்கும் தகராறு இல்லை.

அந்த நூல் யாருக்காக எழுதப்பட்டது என்பதை மட்டும் உபதேசிகள் சொல்வதில்லை. நல்ல அரசு நடக்கிற, பிச்சை தாராளமாகக் கிடைக்கிற சுபிட்சமான நாட்டில், ஒதுக்குப்புறமாக ஒரு சிறு குடிசை போட்டுக்கொண்டு, மூச்சை அடக்கிப் பழகுவதே வேலையாக இருக்கிறவனுக்கு எழுதிய விதி அது. அவன் கதிர் அறுப்பதில்லை. பஞ்சுப் பொதி தூக்குவதில்லை. வயிற்றில் கால் பங்கைக் காலியாக விட்டுச் சாப்பிடும் மிதாகாரம் அவனுக்குப் பொருத்தமே. ஆனால் வரிசையைக் கவனியுங்கள்: முதலில் நாடு சுபிட்சம், பிறகுதான் கால் வயிறு. கீதையின் 6-வது அத்தியாயமும், அளவுக்கு மீறி உண்பவனுக்கு யோகம் கைகூடாது என்று சொன்ன கையோடு, உண்ணாமல் கிடப்பவனுக்கும் கைகூடாது என்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? மத்திய சர்க்காரின் ஆயுஷ் அமைச்சகம் யோகா தினத்துக்காக வெளியிட்ட கையேட்டிலேயே இரண்டு வேளை விதிக்கு விலக்கு அச்சாகியிருக்கிறது. நோயாளிகளுக்கும் கடும் உடலுழைப்பு உள்ளவர்களுக்கும் அந்த விதி இல்லை. இந்த விலக்கை ஒலிபெருக்கியில் சொல்ல ஏன் வாய் வருவதில்லை?

உழைப்பு என்ன கேட்கிறது என்பதற்குக் கணக்கு உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020-ல் நிர்ணயித்தபடி, உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு 2110 கலோரி. கடும் உழைப்பாளிக்கு 3470. பெண்களுக்கு 1660-ம் 2720-ம். ஆபீஸ் நாற்காலிக்கும் களத்துமேட்டுக்கும் இடையே 1000 கலோரிக்கு மேல் தூரம். 1957-ல் டில்லியில் கூடிய 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில், முதலாளிகளின் பிரதிநிதிகளையும் வைத்துக்கொண்டுதான் குறைந்தபட்சக் கூலிக்கு 2700 கலோரி அடிப்படை என்று முடிவாயிற்று. அந்தக் கணக்கைத் தந்த டாக்டர் அய்க்ராய்டு, குன்னூர் உணவு ஆராய்ச்சிக்கூடத்தின் டைரக்டராக இருந்தவர்.

அதற்காக நம் சாப்பாட்டில் குறையே இல்லை என்று மார்தட்ட வரவில்லை. அதே குன்னூரில் அய்க்ராய்டுக்கு முன்பு இருந்த மெக்கரிசன், எலிகளுக்குப் பல மாகாணத்துச் சாப்பாட்டையும் போட்டு வளர்த்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி என்று பஞ்சாப் சீக்கியர் சாப்பாட்டைத் தின்ற எலிகள் நன்றாக வளர்ந்தன. தீட்டிய அரிசியே பிரதானமான சென்னை மாகாணத்துச் சாப்பாட்டைத் தின்றவை நோஞ்சானாயின. ஆகவே பழையதைப் பழிக்க வேண்டாம். இரவில் நீரில் ஊறிப் புளித்த சோறு வெயிலில் வேலை செய்கிறவருக்கு ஏற்ற சாப்பாடுதான். வெறும் சோற்றோடு நின்றுவிடுவதுதான் கெடுதல். அதனோடு மோர், சின்ன வெங்காயம், நெத்திலிக் கருவாடு, கொள்ளுத் துவையல், கீரை எது கூடினாலும் லாபம். கேழ்வரகு 100 கிராமில் சுண்ணாம்புச் சத்து 300 மில்லிகிராமுக்கு மேல். தீட்டிய அரிசியில் பத்து இருந்தால் அதிகம்.

தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. போராடிய ஜனங்களுக்கு அது பெரிய ஆறுதல். துவரம்பருப்போ கார்டுக்கு மாதம் ஒரு கிலோ. நாலு பேர் குடும்பத்தில் ஆளுக்கு நாளைக்கு எட்டு கிராம் சொச்சம். பாலும் நெய்யும் சாப்பிடு என்கிறவர்கள் இந்த எட்டு கிராமிலிருந்து பேச்சை ஆரம்பிக்கட்டும்.

ஆசனம் பழகுகிற தோழர்கள் சிலவற்றைக் கடைப்பிடிப்பது நல்லது. வயிறு நிறையச் சாப்பிட்டால் மூன்று, நாலு மணி நேரம் கழித்தே பழக வேண்டும். முடித்து அரை மணி சென்று சாப்பிடலாம். முழு நைட்டுக்காரர்கள் விழித்திருக்க டீமேல் டீயாக ஊற்றிக்கொள்கிறார்கள். சாப்பாட்டோடு டீ குடித்தால் கீரையிலும் கேழ்வரகிலும் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேருவது குறையும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் வேளைச் சாப்பாட்டை நிறுத்தக் கூடாது.

250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கான்டீன் வைக்க வேண்டும் என்று 1948-லேயே பாக்டரிச் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். அடுத்த ஜூன் 21-க்கு ஜமக்காளம் விரிக்க நிர்வாகம் வரும்போது, முழு நைட்டுக்குக் கான்டீனில் முட்டையும் கொண்டைக்கடலைச் சுண்டலும் மோரும் வேண்டும் என்று சங்கம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்கட்டும். கிராமங்களில் அதே வாரம் ரேஷன் பருப்பைக் கார்டுக்கு மூன்று கிலோவாக்கக் கேட்டு மனுவில் கையெழுத்து வாங்கலாம்.