ஒட்டிக்கொண்ட அணுக்களும் ஒதுக்கிவிடும் புள்ளிகளும்

தொடக்கக் கல்லூரி மாணவர்களுக்கு இயற்பியல் துணைப்பாடம் நடத்துகிறேன். செய்முறைத் தேர்வு நெருங்கினால் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "கோட்டில் சேராத புள்ளியை அழித்துவிடலாமா?" அழிக்கக் கூடாது என்பதே என் கருத்து. சிங்கப்பூரில் நடந்த ஓர் ஆய்வே அதற்குச் சான்று.

அணுவின் வெளிப்புற எலக்ட்ரானை லேசர் ஒளியால் மிக உயர்ந்த ஆற்றல் மட்டத்துக்கு ஏற்றினால், அது ரிட்பெர்க் அணு. சுவீடன் இயற்பியலாளர் யொஹான்னஸ் ரிட்பெர்க்கின் பெயர் அதற்கு. மட்ட எண் இரட்டித்தால் அணுவின் அளவு நான்கு மடங்காகும். மின்புலத்துக்கு வளைந்துகொடுக்கும் தன்மையோ 128 மடங்காகும்! மெல்லிய மின்புலம்கூட அதன் ஆற்றல் மட்டத்தை நகர்த்திவிடும். எந்த அதிர்வெண்ணில் லேசர் ஒளி அணுக்கூட்டத்தைக் கடந்து வருகிறது என்று பார்த்தே புலத்தைக் கணக்கிடலாம்.

ஒரு பரப்புக்கு அருகே அளக்கும்போதுதான் சிக்கல். ரூபிடியம் அணுக்கள் சில பரப்பில் போய் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய ஒவ்வோர் அணுவும் ஒரு குட்டி மின் இருமுனையாகிப் புதிய புலத்தை உண்டாக்குகிறது. நூலகத்தின் அமைதியை அளக்கப் போனவரே இருமிக்கொண்டிருப்பது போல!

சிங்கப்பூர் ஆய்வுக் குழு ஒன்று அந்த இருமலையே ஆராய்ந்து 2014ல் முடிவுகளை வெளியிட்டது. சில்லு ஒன்றின் மேல் 1 மில்லிமீட்டர் சதுர மீக்கடத்தி. அறை வெப்பநிலையில் புலம் அந்தச் சதுரத்தை ஒட்டியே நிலையாக இருந்தது. 83 கெல்வினை நோக்கிக் குளிர்வித்தபோது புலத்தின் திசையே மாறியது. இருமுனைகள் சதுரத்தைத் தாண்டியும் பரவின. குளிரில் அணுக்களை உதறிவிடும் அளவு வெப்பம் இல்லை. வேதிப் பிணைப்பு இல்லாமலேயே, வான் டெர் வால்ஸ் ஈர்ப்பால் அவை ஒட்டத் தொடங்கியதே காரணம் என்றது குழு. சில்லுக்கான பொருளைக் கவனமாகத் தேர்ந்தெடுத்தால் இந்தப் புலத்தைக் குறைக்க முடியும் என்ற நம்பிக்கையும் அதிலிருந்தே பிறந்தது. ரிட்பெர்க் அணுக்களைச் சில்லுகளோடு இணைக்க விரும்புவோருக்கு இது பெரிய செய்தி.

நம் மாணவர்களோ விலகிய புள்ளியை அழிப்பான் கொண்டு தீர்த்துக்கட்டுகிறார்கள். அவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். விடை பொருந்தினால்தான் பாராட்டு என்று பழக்கியவர்கள் நாம். நேரம் குறித்து நடக்கும் தேர்வில் காரணம் தேடிக்கொண்டிருக்க முடியாது என்பதும் உண்மைதான். ஆனால், தேர்வில்லாத நாள்களும் இருக்கின்றனவே. தவணைக்கு ஒரு செய்முறை வகுப்பை, விலகிய அளவீட்டின் காரணத்தைத் தேடுவதற்கென்றே ஒதுக்கலாம். அதற்கு மதிப்பெண்ணும் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் யாரும் செய்யமாட்டார்கள்.