முடிவுக்கு வரும் முன்...



மலர்க் குழுவினர் என்னிடம் வந்து, "கவிதை ஒண்ணு எழுதிக் கொடுப்பா" என்று கேட்டார்கள். நமக்கு டிராஃப்டரைப் பிடித்துக் கோடு போடத்தான் வரும், கவிதை வராது. ஆகவே, ஓராண்டாக என் மனதை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை எழுதுகிறேன். போட்டித் தேர்வுக்கு 'டிப்ஸ்' கொடுக்கிறான் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அதுவும் உண்டு, அதற்கு மேலும் உண்டு.

டிப்ளமோ படிக்கும் நம்மில் பலருக்கு ரயில்வே ஜே.இ. ஒரு கனவு. 2024 அறிவிப்பின்படி முதல் கட்டத் தேர்வில் 100 கேள்விகள், 90 நிமிடம். அதில் 25 கேள்விகள் பகுத்தறியும் திறனுக்கு. ஒவ்வொரு தவறான விடைக்கும் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழிந்துவிடும். இந்தப் பகுதியில் ஒரு வகைக் கேள்வி உண்டு. வேலையின்மை, விலைவாசி, கல்வி என்று ஏதாவது ஒரு சமூக, பொருளாதாரப் பிரச்சினை பற்றி நாலு வரி கொடுப்பார்கள். கீழே இரண்டு முடிவுகள் இருக்கும். எது பத்தியிலிருந்து பெறப்படுகிறது, எது பெறப்படவில்லை என்று சொல்ல வேண்டும். கணக்கு இல்லை, சூத்திரம் இல்லை. "இதுல என்னடா இருக்கு, படிக்கத் தெரிஞ்சாப் போதுமே!" என்றுதான் நானும் நினைத்தேன். முதல் நாள் பயிற்சியில் பத்துக்கு நாலு!

என்னைக் கவிழ்த்த கேள்விகளில் ஒன்று இது. 'ஓர் ஊரில் நூற்பாலை மூடப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு அங்கே வேலைநிறுத்தம் நடந்தது. ஆலையில் வேலை பார்த்தவர்களில் சிலர் இப்போது கட்டட வேலைக்குப் போகிறார்கள்.' முடிவு ஒன்று: வேலைநிறுத்தத்தால்தான் ஆலை மூடப்பட்டது. முடிவு இரண்டு: ஆலைத் தொழிலாளர்களில் சிலர் வேறு தொழிலுக்கு மாறியிருக்கிறார்கள்.

என் அப்பா மில் தொழிலாளி. நான் ஆறாவது படிக்கும்போது அவர் வேலை பார்த்த மில்லை மூடினார்கள். அதன் பிறகு அவர் சித்தாள் வேலைக்குப் போனார், பிறகு வாட்ச்மேன் ஆனார். எங்கள் ஊர் டீக்கடையில் இன்றைக்கும், "கொடி புடிச்சாங்க, மில்லு போச்சு" என்று அப்பா காதுபடப் பேசுவார்கள். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. 'முதல் முடிவு பொய்' என்று நோட்டில் பெரிதாக எழுதினேன். எனக்குச் சொல்லிக்கொடுத்த சீனியர் அண்ணன் சிரித்துவிட்டு, "தம்பி, பொய்னு புத்தகம் சொல்லலியே. பெறப்படலைன்னுதான் சொல்லுது. ரெண்டும் ஒண்ணு இல்லடா" என்றார்.

அன்றைக்கு ராத்திரி முழுக்க யோசித்தேன். பத்தியில் ஒன்று முன்னால் நடந்தது, ஒன்று பின்னால் நடந்தது என்று மட்டும்தான் இருக்கிறது. அதனால்தான் இது நடந்தது என்று எங்கேயும் இல்லை. டீக்கடைக்காரர் அந்த 'அதனால்' என்ற சொல்லைத் தன் கையிலிருந்து போட்டுக்கொள்கிறார். 'அதனால் இல்லவே இல்லை' என்பதை நான் என் கையிலிருந்து போட்டுக்கொண்டேன். இரண்டு பேரும் பத்தியைப் படிக்கவில்லை. தன் தன் மனதைப் படித்தோம்!

நம் மெட்ராலஜி லேபில் வெர்னியர் காலிப்பர் பிடிக்காத கை உண்டா? லீஸ்ட் கவுண்ட் 0.02 மில்லிமீட்டர் என்றால், 0.005 வரை அளந்தேன் என்று ரெக்கார்டில் எழுத முடியுமா? ஸ்டாஃப் சிவப்பு மையில் சுழித்துவிடுவார். பத்திக்கும் ஒரு லீஸ்ட் கவுண்ட் உண்டு. அது தருவதற்கு மேல் ஒரு முடிவை அதிலிருந்து கறக்க முடியாது.

இனி, நாட்டு நடப்பிலிருந்து சில கணக்குகளைப் பார்ப்போம். நுகர்வோர் விலைப் பணவீக்கம் 2022-23-ல் சராசரி 6.7 சதவீதம், 2023-24-ல் 5.4 சதவீதம். இதைப் பேப்பரில் பார்த்த என் அறைத்தோழன், "விலைவாசி குறைஞ்சிருச்சு மாப்ளே, மெஸ் பில்லைக் குறைக்கச் சொல்லுவோம்" என்றான். முந்தைய ஆண்டில் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான் சராசரியாக 106 ரூபாய் 70 காசு ஆனது. அடுத்த ஆண்டு சுமார் 112 ரூபாய் 46 காசு ஆனது. எங்கே குறைந்தது? ஏறும் வேகம்தான் குறைந்தது. டிரைவர் பிரேக்கில் லேசாகக் கால் வைத்தால் பஸ் ரிவர்ஸிலா போகும்?

அடுத்தது நமக்கு நெருக்கமான வேலை விஷயம். மத்திய அரசின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில் வேலையின்மை விகிதம் 2017-18-ல் 6.1 சதவீதமாக இருந்து 2022-23-ல் 3.2 ஆகக் குறைந்தது. 'ஆகவே கம்பெனி வேலைகள் பெருகிவிட்டன' என்று முடிவு கட்டலாமா? கூடாது. அந்தக் கணக்கெடுப்பில், சொந்தப் பெட்டிக்கடையில் உட்கார்ந்திருப்பவரும், குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவுபவரும் வேலையில் இருப்பவர்களே. வேலையில் இருப்போரில் சுயதொழில் செய்வோரின் பங்கு அதே காலத்தில் 52.2-லிருந்து 57.3 சதவீதமாக உயர்ந்தது. மாதச் சம்பளக்காரர்களின் பங்கு 22.8-லிருந்து 20.9 ஆகக் குறைந்தது.

"பார்த்தியா, சம்பள வேலைகள் குறைஞ்சுபோச்சு!" என்று இப்போது நான் குதித்தால் நானும் தவறுகிறேன். குறைந்தது பங்கு. எண்ணிக்கை குறைந்ததா என்று அறிய மொத்தம் எவ்வளவு என்று தெரிய வேண்டும். மொத்தம் கூடியிருந்தால், பங்கு குறைந்தும் எண்ணிக்கை கூடலாம். நமக்குப் பிடித்த முடிவுக்கு ஒரு தராசு, பிடிக்காத முடிவுக்கு ஒரு தராசு என்று வைத்துக்கொள்ளக் கூடாது, தோழர்களே!

சொல்லின் பொருள் தெரியாமல் வரும் தவறும் உண்டு. 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 சதவீதம். 'அப்படியானால் நூறு பேரில் இருபது பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது' என்று பட்டிமன்றத்தில் ஒரு நண்பர் முழங்கினார், கைதட்டலும் வாங்கினார். ஆனால் அந்த விகிதம் ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மட்டும். தொட்டில் குழந்தையையும் சேர்த்து நூறு பேர் என்று எண்ணக் கூடாது.

இந்த ஆராய்ச்சி ஏதோ வெள்ளைக்காரன் தேர்வோடு வந்தது என்று எண்ண வேண்டாம். மணிமேகலையிலேயே, மலையில் புகை கண்டு நெருப்பு உண்டு என்று துணிவதையும், அதற்கு அடுக்களையை எடுத்துக்காட்டுவதையும் அளவை முறையாகப் பேசுகிறார்கள். யார் சொன்னாலும் அதில் மெய் எது என்று பார்ப்பதே அறிவு என்கிறார் வள்ளுவர். சரி, புகை உள்ள இடத்தில் நெருப்பு. நெருப்பு உள்ள இடத்திலெல்லாம் புகை உண்டா? நம் ஸ்மித்தி ஷாப்பில் உலையிலிருந்து எடுத்த சிவந்த கம்பியைப் பாருங்கள். புகை கிடையாது, தொட்டால் கை வெந்துவிடும். 'இந்த வேலைக்கு டிப்ளமோ வேண்டும்' என்பதை 'டிப்ளமோ இருந்தால் இந்த வேலை' என்று திருப்பிப் போட்டுக்கொண்டு நம்மில் எத்தனை பேர் கை சுட்டுக்கொள்கிறோம்!

சுட்டுக்கொண்ட ஒருவனை எனக்கு நன்றாகத் தெரியும். என் வகுப்புத் தோழன். ஒரு பயிற்சி மையத்தின் நோட்டீஸில், 'எங்களிடம் பயின்ற 100 பேர் இன்று அரசுப் பணியில்!' என்று போட்டிருந்தது. அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து 18,000 ரூபாய் கட்டினான். மொத்தம் எத்தனை பேர் படித்து அந்த நூறு பேர் தேறினார்கள்? எத்தனை வருஷத்தில்? எந்தப் பணியில்? ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்கச் சொல்லி நானும் அவனிடம் சொல்லவில்லை. நோட்டீஸைப் பார்த்து நானும்தான் வாயைப் பிளந்தேன். மூன்று மாதத்தில் அந்த மையத்தில் வகுப்பு நடத்த ஆளில்லை. சங்கிலி இன்னும் அடகுக் கடையில் இருக்கிறது. தேர்வில் தவறினால் மூன்றில் ஒரு மதிப்பெண்தான் போகும். வெளியே தவறினால் அம்மாவின் கழுத்து மூளியாகும்.

ஆகவே நம் மாணவர் மன்றத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். வாரம் ஒரு நாள், விடுதி அறிவிப்புப் பலகையில் செய்தித்தாளிலிருந்து நாலு வரி ஒட்டுவோம். அதன் கீழே வெள்ளைத் தாள் ஒன்று. இதிலிருந்து என்ன பெறப்படுகிறது, என்ன பெறப்படவில்லை, இன்னும் என்ன தெரிய வேண்டும் என்று யார் வேண்டுமானாலும் எழுதட்டும். வெள்ளிக்கிழமை மாலை அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுவோம். ஆகும் செலவு ஒரு பசை டப்பாவும் நாலு தாளும். மன்றத் தேர்தலில் நமக்குப் பிடித்த அணியின் நோட்டீஸையும் அதே பலகையில் ஒட்டிப் பார்க்கும் தைரியம் நமக்கு வேண்டும்.

"எல்லாத்துக்கும் ஆதாரம் கேட்டா வாழ முடியுமாடா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தெரிந்ததை வைத்துத்தான் பல சமயம் துணிய வேண்டியிருக்கிறது. துணியலாம், தப்பில்லை. ஆனால் 'இது எனக்குத் தெரிந்தது, இது நான் ஊகித்தது' என்று இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டு துணிவோம்.

பொங்கல் லீவில் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் முதல் முறையாகக் கேட்டேன்: "மில்லை ஏம்ப்பா மூடினாங்க?" அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "கேட்டுல நோட்டீஸ் ஒட்டினாங்க, அது தெரியும். பஞ்சு விலைன்னு ஒருத்தன் சொன்னான், பழைய மெஷின்னு ஒருத்தன் சொன்னான், எங்களாலதான்னு ஊரே சொல்லுது. கணக்குப் புஸ்தகத்தை யாரு தம்பி எங்களுக்குக் காட்டினா?" என்றார்.

எட்டாவதோடு நின்றுவிட்ட என் அப்பா அந்தக் கேள்விக்குச் சரியான விடை எழுதிவிட்டார். இனி டீக்கடையில் அந்தப் பேச்சு வந்தால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். "அண்ணே, அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்பேன்.

நீங்களும் கேட்டுப் பாருங்கள், தோழர்களே. முதலில் உங்களையே!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை