செவிக்கு வரும் நூல்கள்



நூலைக் கண்ணால் படிப்பதை விட்டுக் காதால் கேட்கும் வழக்கம் நம் பங்குக் குடும்பங்களிலும் பரவிவிட்டது. சமையலறையில் கைபேசி ஒரு கொலைக்கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பேருந்தில் செல்லும் இளைஞன், வாழ்வில் உயர்வது எப்படி என்பதைச் செவிமடுக்கிறான். பாட்டியார் தியான உரை ஒன்றைத் தலைமாட்டில் ஓடவிட்டுக் கண்ணயர்கிறார். "சுவாமி, இவையெல்லாம் நல்லவைதாமா?" என்று நம்மிடம் கேட்போர் பலர். ஒரே சொல்லில் விடை கூற இயலவில்லை. எந்த நூல், எந்த வேளையில், யாருடன் என்று நாமும் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

ஒலிநூல் சோம்பேறிகளுக்காகப் பிறந்ததன்று. முதலாம் உலகப் போரில் பார்வை இழந்த வீரர் பலருக்கு, வளர்ந்த வயதில் பிரெயில் எழுத்தை விரலால் தடவிப் படிக்கப் பழகுவது அரிதாயிற்று. 1916ஆம் ஆண்டு சோம் போர்க்களத்தில் கண்ணிழந்த இயன் பிரேசர் என்பவர் முன்னின்று உழைத்ததன் பயனாக, 1935ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பார்வையற்றோருக்கான பேசும் நூல்கள் வழங்கப்படலாயின. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 25 நிமிட வாசிப்பே அடங்கும். ஒரு புதினத்துக்குப் பத்துத் தட்டுகள் வேண்டியிருந்தன. அந்த முதல் நூல்களில் அகதா கிறிஸ்டி 1926இல் எழுதிய 'ரோஜர் அக்ராய்டின் கொலை'யும் இருந்தது, யோவான் நற்செய்தியும் இருந்தது. கொலைக்கதையும் நற்செய்தியும் ஒன்றாகப் புறப்பட்டதைக் கண்டு முகம் சுளிப்போர் இருக்கலாம். நாம் சுளிக்கவில்லை. இருளில் நாள் முழுதும் அமர்ந்திருப்பவருக்கு இரண்டும் வேண்டும்.

நம் பங்கிலேயே இதற்குச் சான்று உண்டு. ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் கண் அழுத்த நோயால் பார்வையை இழந்தார். வெளிநாட்டிலுள்ள மகன் கைபேசி ஒன்றை வாங்கி அனுப்ப, அதன்வழி ஒலிநூல்களைக் கேட்டு வருகிறார். மாதத்தின் முதல் வெள்ளியன்று அவருக்கு நற்கருணை கொண்டு செல்லும் நாம், நன்றி செபம் முடிந்ததும் அவருடைய நூல் விமரிசனத்தையும் கேட்ட பின்னரே திரும்ப முடியும். நாற்பது ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவர் அல்லவா? மதிப்பெண் இடாமல் எதையும் விடமாட்டார்.

முதல் மதிப்பெண் துப்பறியும் கதைகளுக்கு! கண்ணால் படிக்கும் பொறுமையற்றவன் கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் குற்றவாளியைக் கண்டுகொள்வான். கேட்பவனோ காத்திருந்தே தீரவேண்டும், அதனால் காதே இக்கதைகளுக்கு ஏற்ற புலன் என்பது அவர் வாதம். நாமும் உடன்படுகிறோம். சிறப்பாக, செஸ்டர்ட்டன் படைத்த 'பாதர் பிரவுன்' கதைகளை எவரும் கேட்கலாம். முதல் தொகுதி 1911இல் வெளிவந்தது. தம் நண்பரான ஜான் ஓகானர் என்ற குருவை மனத்தில் கொண்டே அப்பாத்திரத்தை அவர் அமைத்தார். 1922இல் செஸ்டர்ட்டன் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தபோது அவரை ஏற்றுக்கொண்டவரும் அக்குருவே. பாதர் பிரவுன் தடயங்களை மட்டும் நம்புகிறவர் அல்லர். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து மனித உள்ளத்தை அறிந்தவர். இந்தப் பாவம் தம்முள்ளும் முளைத்திருக்கக்கூடும் என்று உணர்ந்தே குற்றவாளியைத் தேடுகிறார். குருக்களாகிய எங்களுக்கு அது நல்ல ஆன்ம சோதனை.

ஆனால் இக்காலக் குற்றக்கதைகள் சிலவற்றில் பிணத்தையும் வதையையும் அங்குலம் அங்குலமாக வருணிக்கிறார்கள். அச்சில் அத்தகைய பத்தியைக் கண் தாண்டிச் சென்றுவிடும். காதால் தாண்ட முடியாது. மாவரைத்தபடி கேட்கும் தாயின் காலடியில் விளையாடும் குழந்தையும் அதைக் கேட்கிறது என்பதை மறவாதீர்கள்.

தன்னம்பிக்கை நூல்களுக்கு ஆசிரியர் தேர்ச்சி மதிப்பெண்ணே தந்தார். "எல்லாரும் விற்பனையாளர்போல் பேசுகிறார்கள், சுவாமி" என்றார். அதில் உண்மையுண்டு. 1956இல் ஏர்ல் நைட்டிங்கேல் என்ற அமெரிக்கர், தாம் ஊரில் இல்லாத வேளையில் தம் காப்பீட்டு முகவர்கள் கேட்பதற்கென்று ஓர் உரையைப் பதிவு செய்து வைத்தார். அந்த இசைத்தட்டு பத்து இலட்சத்துக்கும் மேல் விற்றது. அந்தக் குரலே இன்றுவரை தொடர்கிறது. இவற்றில் பயன் இல்லாமலில்லை. ஜேம்ஸ் கிளியர் 2018இல் எழுதித் தாமே வாசித்தளித்துள்ள 'அட்டாமிக் ஹேபிட்ஸ்' என்னும் நூல், சிறு பழக்கங்களை நாள்தோறும் குறித்துவரச் சொல்கிறது. புனித இஞ்ஞாசியாரும் தம் ஆன்மப் பயிற்சிகளில், ஒரே ஒரு குறையை எடுத்துக்கொண்டு, அதில் விழுந்த தடவைகளை நாளுக்கு இருமுறை கோட்டின்மேல் புள்ளியிட்டு எண்ணச் சொன்னார். ஆனால் அவர் இறையருளைக் கேட்டபின் எண்ணச் சொன்னார். அருளுக்கு இடமே வைக்காமல் எல்லாம் உன் எண்ணத்தில்தான் இருக்கிறது என்று ஓயாமல் கேட்கும் இளைஞன், வேலை கிடைக்காதபோது தன்னையே குற்றவாளியாக்கிக் கொள்கிறான். அத்தகையோர் நம்மிடம் வந்து அழுததுண்டு.

ஞான நூல்களின் சேதி வேறு. 'கிறிஸ்துநாதர் அநுசார'த்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, ஒரே நாளில் முடித்துவிட்டதாக ஒருவர் பெருமைப்பட்டார். ஒரு வாக்கியத்துக்கு ஒரு நாள் தேவைப்படும் நூல் அது! புல்லாங்குழலும் விம்மும் குரலும் சேர்த்து வாசிக்கும் பதிவுகளை ஆசிரியர் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார். அவற்றுக்குச் சுழியம். விவிலியமோ கேட்பதற்கென்றே அமைந்தது. எஸ்ரா காலைமுதல் நண்பகல்வரை திருச்சட்ட நூலை வாசிக்க, மக்கள் நின்று கேட்டார்கள். 2021ஆம் ஆண்டு சனவரி முதல், மைக் ஷ்மிட்ஸ் என்ற அமெரிக்கக் குரு விவிலியத்தை 365 பகுதிகளாக வாசித்து விளக்கியபோது, எண்ணாகமத்தை ஒருநாளும் திறவாதவர்களும் அதை முடிவுவரை கேட்டார்கள்.

இரவு வேளையைப் பற்றி நம் முன்னோர் ஆசீர்வாதப்பர் என்றழைத்த புனித பெனடிக்ட், ஆறாம் நூற்றாண்டிலேயே தம் சபை ஒழுங்கில் எழுதிவைத்துள்ளார். இரவு செபத்துக்குமுன் கசியானின் உரைகளோ வனத்துத் தந்தையரின் வரலாறோ வாசிக்கப்படட்டும். பழைய ஏற்பாட்டின் முதல் ஏழு நூல்களும் அரசர் நூல்களும் வேண்டாம், வலுவற்ற மனத்துக்கு அவை அந்நேரத்தில் ஏற்றவையல்ல, வேறு வேளையில் வாசிக்கலாம் என்கிறார். திருநூலுக்கே நேரம் வகுத்தார் என்றால், நள்ளிரவில் கொலைக்கதை கேட்டுவிட்டு உறக்கம் வரவில்லை என்போருக்கு நாம் என்ன சொல்ல?

அதே ஒழுங்கில், உணவு வேளையில் ஒருவர் வாசிக்க, ஏனையோர் எல்லாரும் பேசாது கேட்கவேண்டும் என்றும் உள்ளது. நம் இல்லங்களில் இன்று நால்வர் உண்கிறார்கள், நால்வர் காதிலும் இயர்போன் வழியே நான்கு நூல்கள். ஆசிரியர் சென்ற மாதம் சற்றுத் தயங்கியபின் சொன்னார்: "கைபேசி வருமுன் பேரன் மாலையில் எனக்குச் செய்தித்தாள் வாசிப்பான். தப்பும் தவறுமாக வாசிப்பான், நான் திருத்துவேன். இப்போது கைபேசி தப்பில்லாமல் வாசிக்கிறது. அவன் வருவதில்லை."

மருமகள் அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வேண்டுமென்று செய்ததன்று, தாத்தாவுக்குத் துணையாகக் கருவி இருக்கிறதே என்று எண்ணிவிட்டார்கள். செபமாலை முடிந்ததும் அரைமணி நேரம் எல்லா இயர்போன்களையும் கழற்றி வைத்து, பேரன் உரக்க வாசிக்கட்டும், வீடே கேட்கட்டும் என்று நாம் கூறினோம். பகலில் கைபேசி தாராளமாக ஓடட்டும். பாதர் பிரவுனின் முதல் கதை முடிந்துவிட்டதாம். அதில் வரும் பிரெஞ்சுப் பெயர்களைப் பேரன் படுத்திய பாட்டைப் பற்றி ஆசிரியர் இந்த மாதம் நம்மிடம் நெடுநேரம் முறையிட்டார். மதிப்பெண் இன்னும் இடவில்லை.